உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியின் இன்ஜின் போய்விட்டது: பிரித்துச் சரிசெய்வதா, புதிது மாற்றுவதா?

கடலோர மைதானம்

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் நித்திரவிளைப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் கால்பந்து மைதானத்தைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். கடலுக்குப் போகிறவர்களும் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் வாங்கிய புல்வெட்டி வண்டி எங்களிடம் இருக்கிறது. வெளிநாட்டுத் தயாரிப்பு. ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 17.5 குதிரைத்திறன். 42 அங்குல அகலத்துக்கு வெட்டும், அடியில் இரண்டு பிளேடுகள்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே எதுவோ மோதும் சத்தம் கேட்டது. சாவியை அணைப்பதற்குள் இன்ஜின் தானாகவே நின்றுவிட்டது. இப்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தத் தடையும் இல்லாமல் சுற்றுகிறது. முன்பு இருந்த அந்த "உம்" என்ற அழுத்தம் துளியும் இல்லை.

விற்ற கடையில் கேட்டோம். பிரித்துப் பார்ப்பது வீண், இன்ஜினை முழுதாக மாற்றுங்கள், கப்பலில் வரவேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை புதிய வண்டி விலையில் பாதியைத் தாண்டுகிறது. இது ஊர்ப் பணம். ஒரு ரூபாய் செலவழித்தாலும் கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்திலேயே இதைச் சரிசெய்ய வழி உண்டா? அல்லது இங்கே கிடைக்கும் வேறு இன்ஜினைப் பொருத்த முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வளைகுடா நாகர்கோவில்காரன்

தம்பி, நான் இங்கே ஒரு குடியிருப்பு வளாகத்தின் புல்தரைகளைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் கொட்டகையில் இந்த மாதிரி வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு ஒரே பொருள்தான்: பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்திருக்கிறது. இங்கே அப்படி ஆன இன்ஜினை யாரும் பிரிப்பதில்லை. கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதியதை மாட்டுவார்கள்.

காரணம் சோம்பல் அல்ல. ராடு உடையும்போது அதன் துண்டுகள் உள்ளே எல்லாப் பக்கமும் சிதறுகின்றன. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் பற்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கியர், எண்ணெய்ப் பம்பு என்று எது அடிபட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ராடை மட்டும் மாற்றி மூடிவிட்டால், மறைந்திருந்த ஒரு துணுக்கு மறுபடியும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஊர்ப் பணம் என்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன், இரண்டு முறை செலவழிக்காதீர்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. "ஷார்ட் பிளாக்" என்று கிடைக்கும். பிளாக், கிராங்க், பிஸ்டன், கேம் எல்லாம் பொருத்தியே வரும். உங்கள் பழைய ஹெட், கார்புரேட்டர், ஃப்ளைவீல், காயில் ஆகியவற்றை அதன்மேல் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். எல்லா மாடலுக்கும் இப்போது வருவதில்லை. உங்கள் இன்ஜினின் எண்ணைச் சொன்னால் தேடிப் பார்க்கிறேன். பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் கம்பெனி இன்ஜின் என்றால் மாடல், டைப், கோடு என மூன்று எண்கள் அச்சடித்திருக்கும். மாடலின் முதல் இரண்டு இலக்கங்கள் கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு. 31 என்று தொடங்கினால் ஏறத்தாழ 500 சி.சி. கோடு எண்ணின் தொடக்கத்தில் தயாரித்த ஆண்டு, மாதம், நாள் இருக்கும். கோலர் கம்பெனி என்றால் "ஸ்பெக்" என்ற எண்ணைப் பாருங்கள். குதிரைத்திறனை மட்டும் சொல்லி உதிரிப் பாகம் கேட்டால் தவறானதுதான் வரும்.

குளச்சல் அவுட்போர்டு

வளைகுடா அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி அந்த ஊர்க் கூலிக்குச் சரி, நம் ஊருக்குச் சரியில்லை.

நான் வள்ளத்தில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களைப் பிரித்துப் பிழைப்பவன். ஒன்றை முதலில் சொல்கிறேன். பைக், ஆட்டோ, பம்புசெட் இன்ஜின்களில் கிராங்க் தண்டு படுத்திருக்கும். உங்கள் புல்வெட்டியில் தண்டு நிமிர்ந்து நிற்கும், கீழ் முனை தரையைப் பார்க்கும். நகரத்தில் இரு சக்கர வாகனம் பார்க்கும் மெக்கானிக் இதைக் கண்டதும் தயங்குவது இதனால்தான். ஆனால் அவுட்போர்டிலும் கிராங்க் நிற்கத்தான் செய்கிறது. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் எங்கே போனாலும் இந்த நிலையில் இன்ஜினைப் பார்த்துப் பழகிய கைகள் உண்டு. உப்பு தின்ற போல்ட்டை உடைக்காமல் கழற்றவும் எங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரிலேயே ஒருவர் இருப்பார், விசாரியுங்கள்.

முடிவெடுக்கும் முன் இதைச் செய்யுங்கள், தம்பி. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், பெட்ரோலை அடைத்துவிடுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் துளை வழியாக ஒரு மெல்லிய மரக்குச்சியை பிஸ்டன் மேல் படும்படி நிறுத்தி, மேலே உள்ள ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். குச்சி ஏறி இறங்காவிட்டால் ராடு போய்விட்டது. ஏறி இறங்கினால் வேறு கதை: வால்வு திறந்தபடி மாட்டியிருக்கலாம், புஷ் ராடு வளைந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் வெடித்திருக்கலாம். அவையெல்லாம் சிறிய வேலை.

அடுத்து, எண்ணெயை ஒரு பழைய வேட்டித் துணி வழியாக வடியுங்கள். என்ன தங்குகிறது என்று படம் எடுத்துப் போடுங்கள். வெள்ளையாக, லேசாக இருந்தால் அலுமினியம், ராடின் துண்டு. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. அப்படி இருந்தால் கேம் அல்லது கியர் பற்கள் போயிருக்கின்றன என்று பொருள். பிளாக்கைச் சுற்றி டார்ச் அடித்து ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தால் நானும் மாற்று என்றுதான் சொல்வேன்.

பூதப்பாண்டி வயல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாகர்கோவிலில் ஹோண்டா ஜி.எக்ஸ் 390 இன்ஜின் விசாரித்தால் கிடைக்கும். 389 சி.சி., நம்பகமான இன்ஜின், உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. குதிரைத்திறன் குறைவுதான், ஆனாலும் புல்தானே? அதை இந்த வண்டியில் உட்காரவைத்தால் என்ன?

தக்கலை லேத்

வயல் அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. என் பட்டறைக்கும் இதே கேள்வியோடு ஒருவர் வந்தார், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் இன்ஜினில் தண்டு பக்கவாட்டில் வெளிவருகிறது. புல்வெட்டியில் தண்டு கீழ்நோக்கி இறங்கி, அதே தண்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு புல்லிகள் இருக்கும். மேலே உள்ளது சக்கரத்தை ஓட்டும் பெல்ட்டுக்கு, கீழே உள்ளது பிளேடுக்கு. பக்கவாட்டுத் தண்டிலிருந்து கிடைமட்டப் பெல்ட்டுக்குப் போக வேண்டுமானால் ஒரு கோணக் கியர்பெட்டி வேண்டும், அல்லது பெல்ட்டைக் கால் திருப்புத் திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட்ட பெல்ட்டுக்கு நீளமான ஓட்டம் தேவை. பானெட்டுக்கு அடியில் அந்த இடம் இல்லை. கியர்பெட்டியின் விலையையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் கணக்கிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

சிலர் இன்ஜினையே செங்குத்தாகத் திருப்பி வைத்துவிடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். படுத்த இன்ஜினில் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி, அடித்தொட்டியான சம்பில் இருக்கும் எண்ணெயை அள்ளி மேலே தெளிக்கிறது. நிமிர்த்தினால் எண்ணெய் வேறு மூலைக்குப் போய்விடும், கரண்டி காற்றில் சுற்றும். கார்புரேட்டரின் மிதவையும் சாய்ந்துவிடும். சில நிமிடங்களில் இறுகிப்போகும்.

வேறு இன்ஜின் போட்டே ஆகவேண்டும் என்றால் அதுவும் தண்டு நிற்கும் வகையாகவே இருக்க வேண்டும். வாங்குமுன் தண்டின் விட்டம், நீளம், புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவி உட்காரும் காடியின் (சாவிக்காடி) அகலம், நுனியில் உள்ள போல்ட்டின் மரை, அடித்தட்டுப் போல்ட்டுகளின் இடைவெளி, சைலன்சர் வாய் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். இந்த வண்டிகளில் 1 அங்குல விட்டம், அதாவது 25.4 மி.மீ., பரவலான அளவு. நீளம் பெரும்பாலும் 80 மி.மீ. பக்கம். நீளம் குறைந்தால் கீழ்ப் புல்லி ஏறாது. நம் ஊரில் கிடைக்கும் 25 மி.மீ. தண்டைப் பார்த்துவிட்டு "கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று நினைக்காதீர்கள். அந்த 0.4 மி.மீ. இடைவெளியில் புல்லி ஆடி ஆடிச் சாவிக்காடியையே தின்றுவிடும்.

ரப்பர்தோட்டம் திருவட்டார்

தம்பி, எல்லோரும் இன்ஜினையே பேசுகிறார்கள். நான் வண்டியைப் பற்றிக் கேட்கிறேன்.

எங்கள் ரப்பர் விளையில் மேட்டிலும் சரிவிலும் தோளில் மாட்டும் புல்வெட்டி தவிர வேறு எதுவும் ஏறாது. வீட்டைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புக்கு மட்டும் உங்களுடையது போன்ற பழைய வண்டி ஒன்று வைத்திருந்தோம். இன்ஜின் நன்றாக இருக்கும்போதே அதை விற்க வேண்டியதாயிற்று. பிளேடைத் தாங்கும் அடித்தகடு துருப்பிடித்து, சுழலும் அச்சு உட்காரும் இடமே பிய்ந்து வந்துவிட்டது. நாங்கள் கடலிலிருந்து வெகுதூரம். நீங்கள் கரையிலேயே இருக்கிறீர்கள். அங்கே உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஜினுக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் வண்டியை ஒருபக்கமாகத் தூக்கி, கீழே பலமான முட்டுக் கொடுத்துவிட்டு அடியைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லை முழுவதும் சுரண்டிவிட்டு, தகட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தட்டிப் பாருங்கள். நுனி உள்ளே போனால் அந்த இடம் காகிதமாகிவிட்டது. பிளேடு அச்சுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பின்னால் கியர் வழுக்காமல் வண்டி மேடு ஏறியதா என்று ஓட்டியவரிடம் கேளுங்கள். இவை மூன்றும் மோசமாக இருந்தால், புதிய இன்ஜின் போட்டாலும் அடுத்த மழைக்குள் வேறொன்று போகும். ஊர்க் கூட்டத்தில் இதையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

அதுவரை மைதானத்தைக் காடாக விடாதீர்கள். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் கிடைக்கிறது, புல் நின்று வளராது. தோளில் மாட்டும் இரண்டு புல்வெட்டிகளை வாடகைக்கு எடுத்தாவது உயரத்தைக் குறைத்து வையுங்கள். முழங்கால் உயரப் புல்லில் சரிசெய்த இன்ஜினை இறக்கினால் முதல் நாளே அதன் மூச்சு முட்டிவிடும்.

கடலோர மைதானம்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை எங்கள் ஊரில் அவுட்போர்டு பார்க்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வேலையில் இறங்கினோம்.

திருவட்டார் அக்கா சொன்னபடி முதலில் அடித்தகடு. இடப்பக்க அச்சுக்கு அருகே உள்ளங்கை அளவு இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனது. மற்ற இடமெல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது. அச்சுகள் ஆடவில்லை. கியரில் குறை இல்லை என்று ஓட்டுகிறவர் உறுதியாகச் சொல்கிறார்.

குச்சி ஏறவில்லை. ஃப்ளைவீல் முழுச் சுற்றுச் சுற்றியும் குச்சி அப்படியே நின்றது. பிளாக்கில் ஓட்டையோ வெடிப்போ இல்லை. துணியில் தங்கியவை எல்லாம் வெள்ளைத் துண்டுகள், காந்தத்தில் ஒட்டவில்லை. இன்ஜினை இறக்கிக் கவிழ்த்து, அடிச்சம்பைக் கழற்றினோம். ராடின் பெரிய முனை இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பாதி சம்பில், மறு பாதி பிஸ்டனோடு தொங்கிக்கொண்டிருந்தது. ராடு பிடித்துச் சுற்றும் கிராங்க் பின்னின் ஒரு பக்கம் மட்டும் ஈயம் பூசியது போல அலுமினியம் அப்பியிருக்கிறது. கேம் பற்கள் எல்லாம் முழுதாக இருக்கின்றன. சிலிண்டர் சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இல்லை, ஆனால் பளபளவென்று வழவழப்பாகிவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேலே உள்ள காற்று மூடியைக் கழற்றியபோது, சிலிண்டரின் குளிர்விக்கும் இதழ்களுக்கு இடையே காய்ந்த புல்லும் மணலும் சேர்ந்து இறுகிக் கெட்டித்துக் கிடந்தன. குத்தி எடுக்க வேண்டியிருந்தது. காற்றுச் சுத்திகரிப்பானின் காகிதத்துக்கு உட்பக்கமும் மணல் இருக்கிறது.

குளச்சல் அவுட்போர்டு

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், தம்பி. படங்கள் தெளிவாக இருக்கின்றன. பிளாக் முழுசு, கேம் முழுசு, சிலிண்டரில் ஆழமான கீறல் இல்லை. இது சரிசெய்யக்கூடிய இன்ஜின். மாற்றச் சொன்னவர்கள் இதைத் திறந்து பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். இது உடைவதற்கு முன் யாராவது கவர்னரில் கை வைத்தார்களா? எண்ணெய் குறைந்து உடைந்திருந்தால் பின் சுற்றிலும் கருகியிருக்கும், ராடு நீலம் பாரித்திருக்கும். உங்கள் படத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் அப்பியிருக்கிறது. பிளந்த இடமும் சுத்தமான முறிவாகத் தெரிகிறது. அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடிய இன்ஜினில் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

கடலோர மைதானம்

அண்ணன், நீங்கள் கேட்டதும் ஓட்டுகிறவரிடம் பேசினேன். சில மாதங்களுக்கு முன் இழுவை இல்லை என்று வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்திருக்கிறார்கள். அவர் கவர்னர் ஸ்பிரிங்கை வேறு துளைக்கு மாற்றி மாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு "பறந்தது" என்றார் ஓட்டுகிறவர்.

குளச்சல் அவுட்போர்டு

காரணம் கிடைத்துவிட்டது.

இந்த வகை இன்ஜின்கள் நிமிடத்துக்கு 3,300 முதல் 3,600 சுற்று வரை ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. வேகம் கூடக்கூட ராடின்மேல் விழும் இழுவிசை வேகத்தின் இருமடியாகக் கூடும். வேகம் கால் பங்கு கூடினால் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். இவற்றில் ராடு அலுமினியம், தனி பேரிங் கிடையாது, எண்ணெய்ப் படலத்தை நம்பி நேரடியாகக் கிராங்க் பின்னில் ஓடுகிறது. எத்தனை நாள் தாங்கும்?

இழுவை ஏன் குறைந்தது என்று அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். புல் அடைத்து இன்ஜின் சூடாகியிருக்கிறது, மணல் போய் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த நோயை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை இழுத்திருக்கிறார்கள். புதிய இன்ஜின் வாங்கி மாட்டியிருந்தாலும், இழுவை குறையும்போது மறுபடியும் யாராவது ஸ்பிரிங்கைத்தான் இழுத்திருப்பார்கள்.

வளைகுடா நாகர்கோவில்காரன்

படங்களைப் பார்த்தபின் சொல்கிறேன், இந்த நிலையில் நானும் சரிசெய்வதற்கே கைதூக்குகிறேன். என் அச்சம் துண்டுகளைப் பற்றித்தான். எண்ணெய்ப் பம்பு உள்ள மாடலாக இருந்தால் அதன் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் போகும் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, காற்றடித்து, மறுபடி மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் ஃபில்டர் புதிது போடுங்கள்.

கேமில் உள்ள கம்ப்ரஷன் ரிலீஸ் என்ற சிறு நெம்புகோலையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது வால்வை இம்மி திறந்து அழுத்தத்தைக் குறைப்பது அதுதான். அது உடைந்திருந்தால் ஸ்டார்ட்டர் அரைச்சுற்றுச் சுற்றி முக்கி நின்றுவிடும், பேட்டரியைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். இவ்வளவு தூரம் திறந்தபின் இதைப் பார்க்காமல் மூடக் கூடாது.

ராடு, பிஸ்டன் ரிங், கேஸ்கட் செட் மூன்றும் உங்கள் எண்ணுக்குக் கிடைக்கின்றன. விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

பூதப்பாண்டி வயல்

ராடு வரும்வரை காத்திருக்காமல், ஆட்டோ ராடு ஏதாவது வெட்டிப் பொருத்த முடியாதா? அல்லது உடைந்ததை ஒட்டவைத்து?

தக்கலை லேத்

இரண்டும் கூடாது, அண்ணன். இப்படி முறிந்த ராடை வெல்டிங் செய்து மறுபடி ஓடவிடுவது மரணக் கிணற்றில் வண்டி ஓட்டுவதற்குச் சமம். அடுத்த முறை அது பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், மேலே ஆள் உட்கார்ந்திருப்பார். ஆட்டோ ராடு இரும்பு, எடை வேறு, நீளம் வேறு, அதற்குத் தனி பேரிங் வேண்டும். கிராங்கின் எதிர் எடை அலுமினிய ராடுக்காகக் கணக்கிட்டது. அதிர்வே மற்றதையெல்லாம் தளர்த்திவிடும்.

மைதானத் தம்பி, கிராங்கை என்னிடம் கொண்டுவாருங்கள். பின்னில் அப்பியிருக்கும் அலுமினியத்தை அரம் வைத்துத் தேய்க்கவே கூடாது. பஞ்சில் மியூரியாட்டிக் அமிலத்தை (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவினால் அலுமினியம் நுரைத்துக் கரைந்துவிடும். உடனே சோடா மாவு கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் இரும்பையும் பிடிக்கும். கையுறை, கண்ணாடி போட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் முயல வேண்டாம். அதன்பின் மெல்லிய எமரித் தாளை எண்ணெயில் நனைத்து, கயிறு இழுப்பது போல் சுற்றி இழுத்து மெருகேற்றுவேன். பிறகு மைக்ரோமீட்டரில் பல கோணங்களில் அளந்தால் வட்டம் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கெட்டிருந்தால் கிராங்கைச் சாணை பிடித்து 0.5 மி.மீ. குறைந்த அளவு ராடு போடவேண்டும். அந்த ராடு சில மாடல்களுக்குத்தான் உண்டு. ஆகையால் அளந்தபின் ராடுக்குச் சொல்லுங்கள்.

அடித்தகட்டையும் கொண்டுவாருங்கள். துருவை வெட்டியெடுத்து 3 மி.மீ. தகடு வைத்துப் பற்றவைத்துவிடலாம்.

கடலோர மைதானம்

தக்கலையில் கிராங்கை அளந்தாயிற்று. வட்டம் கெடவில்லை, கையேட்டு அளவுக்குள் இருக்கிறது. பழைய அளவு ராடே போதும் என்றார். சிலிண்டருக்கு அவரே உள்சுவரைத் தேய்க்கும் ஹோன் கல் விட்டு, சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும்படி செய்து கொடுத்தார். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும், புதிய ரிங் அப்போதுதான் படியும் என்று விளக்கினார். ஊர்க் கூட்டத்தில் இரண்டு கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்தோம். சரிசெய்வதற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. பாகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பொருத்தும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

குளச்சல் அவுட்போர்டு

ராடின் மூடி ஒரே திசையில்தான் சேரும். இரண்டு பாதியிலும் உள்ள அடையாளம் நேருக்கு நேர் வர வேண்டும். ராடு போல்ட்டைக் கை மதிப்பில் முறுக்காதீர்கள், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு கட்டாயம். கையேட்டில் உள்ள அளவு நியூட்டன் மீட்டரா, அங்குல பவுண்டா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பல இன்ஜின்கள் அங்கேதான் கெட்டிருக்கின்றன.

கேம் கியரிலும் கிராங்க் கியரிலும் உள்ள புள்ளிகள் சேர வேண்டும். ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவி மெல்லிய அலுமினியத்தில் செய்தது. பிளேடு கல்லில் அடித்தால் அது வெட்டுப்பட்டு, பிளக்கில் தீப்பொறி விழும் நேரம் (டைமிங்) மாறிவிடும். பழையதில் சிறு பிசகு தெரிந்தாலும் புதிது போடுங்கள், இரும்பில் செய்து போடாதீர்கள்.

வால்வு இடைவெளிக்குக் கையேட்டைப் பாருங்கள். 31 வரிசை இன்ஜின்களில் உள்வால்வு 0.08 முதல் 0.13 மி.மீ., வெளிவால்வு 0.13 முதல் 0.18 மி.மீ. பிஸ்டன் உச்சியைத் தாண்டி 6 மி.மீ. இறங்கிய நிலையில் வைத்து அளக்க வேண்டும். உச்சியிலேயே அளந்தால் கம்ப்ரஷன் ரிலீஸ் வால்வைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அளவு பொய்யாகிவிடும்.

வயரிங்கில் ஒன்று. பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலிலிருந்து வரும் மெல்லிய வயர் இன்ஜினை அணைப்பதற்கானது. அதில் தவறிக்கூட 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், காயில் அந்த நிமிடமே போய்விடும். இருக்கை சுவிட்ச், பிரேக் சுவிட்ச் எல்லாம் இருந்தபடியே மாட்டுங்கள். தொல்லை என்று சிலர் அவற்றை நேராக இணைத்துவிடுகிறார்கள். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் பிளேடை நிறுத்துவது அந்த இருக்கை சுவிட்ச்தான்.

கவர்னரைக் கண்ணாலும் காதாலும் சரிசெய்யாதீர்கள். பிளக் வயரில் சுற்றி வைத்துச் சுற்று எண்ணிக்கையைக் காட்டும் சிறு டேக்கோமீட்டர் மலிவாகவே கிடைக்கிறது, அதை வைத்துச் செய்யுங்கள்.

வளைகுடா நாகர்கோவில்காரன்

எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் வெயிலுக்கும் காற்றில் குளிரும் இன்ஜினுக்கும் எஸ்.ஏ.ஈ 30 பொருத்தம். ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொள்ளும், ஆனால் அளவுகோலைப் பார்த்தே ஊற்றுங்கள். முதல் எண்ணெயை 5 மணி நேர ஓட்டத்தில் மாற்றிவிட்டு, அதன்பின் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மணல் மைதானம் என்பதால் நான் அதற்கு முன்னதாகவே மாற்றுவேன்.

பெட்ரோல் இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்தே வருகிறது. இந்தச் சிறிய இன்ஜின்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் ஒப்புகின்றன. நாம் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் வழியில்லை. ஆனால் மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது டாங்கிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீராகப் பிரிந்து, அடியில் தங்கி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை அரித்துவிடும்.

ரப்பர்தோட்டம் திருவட்டார்

தம்பி, வெட்டி முடித்ததும் அடித்தகட்டை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். சூடான இன்ஜின் மேல் மட்டும் தண்ணீர் அடிக்க வேண்டாம். காற்று மூடியை மாதம் ஒருமுறை கழற்றி இதழ்களைச் சுத்தம் செய்யும் பொறுப்பைக் குழுவில் ஒருவர் பெயரிலேயே எழுதி வையுங்கள். எல்லோருக்கும் பொதுவான வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

கடலோர மைதானம்

இன்ஜின் ஓடுகிறது! முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் நீலப் புகை வந்தது, ரிங் படியும்வரை வரும் என்று ஊர் அண்ணன் சொன்னார், பிறகு நின்றுவிட்டது. ஸ்பிரிங்கைப் பழைய துளைக்கே மாற்றி, டேக்கோமீட்டரில் 3,300 சுற்றுக்கு வைத்திருக்கிறோம். இழுவை முன்பைவிட நன்றாகவே இருக்கிறது, வேகத்தைக் கூட்டாமலேயே.

மொத்தச் செலவு, கடைக்காரர் சொன்ன தொகையில் கால் பங்குக்கும் கீழே நின்றுவிட்டது. அடித்தகட்டின் வெல்டிங்கும் அதற்குள் அடக்கம். மிஞ்சிய பணத்தில் ஒரு டார்க் ரெஞ்சும் இரண்டு காற்றுச் சுத்திகரிப்பான்களும் வாங்கி மைதானக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். அக்கா சொன்ன பட்டியல் கொட்டகைச் சுவரில் பெயரோடு தொங்குகிறது. 5 மணி நேர எண்ணெயை வடித்துத் துணியில் பார்த்தோம். மிக மெல்லிய சாம்பல்நிறப் பொடி இருக்கிறது, துண்டு எதுவும் இல்லை. படம் இணைத்திருக்கிறேன். இது சரிதானா?

குளச்சல் அவுட்போர்டு

படம் பார்த்தேன். அது புதிய ரிங்கும் சிலிண்டரும் படிவதால் வரும் பொடி, கவலை வேண்டாம். அடுத்த எண்ணெயில் அது குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் ஓட்டாமல் எனக்கு எழுதுங்கள். அந்த மாற்றத்தின்போது வால்வு இடைவெளியை ஒருமுறை அளந்துவிடுங்கள், புதிய கேஸ்கட் அமர்ந்தபின் அது சற்று மாறியிருக்கும்.